மயானத்துப் புல்

பெப்ரவரி 5, வியாழன்

பதுளையில் காலை முழுக்கப் பனிமூட்டம். பிரஷர் மாத்திரை இன்றோடு சரி. வாங்க வேண்டும். பத்திரிகைக்கு ஒரே செய்தி, ஏழு வரி: குடிநீர்க் குழாய் உடைப்பு.

6.40க்கு ராஜுவின் அழைப்பு. என் மனைவி பார்வதியின் தம்பி; இன்னும் எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்தில்தான். அடுத்த வெள்ளி, 13ஆம் திகதி, தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவு மயானத்துக்கு எல்லை போட வருகிறார்களாம். சுற்றிலும் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கறுவாப்பட்டை மரம் நடப்போகிறது தோட்டக் கம்பனி. மயானம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்குக் கடதாசி எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற குழிகளைச் சுற்றி முளை அடிப்பார்கள். தெரியாதவை கறுவாவுக்கு.

இப்போது ஒன்றுமே தெரியாது. மானாப்புல் ஆள் உயரம்.

தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து வாங்கிய புல் வெட்டும் மெஷின் ஒன்று உண்டு. அது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எஞ்சின் ஓடுது மச்சான். கீழ தலதான் சுத்த மாட்டேங்குது. ஆடி மாசம் கோயில் ஸ்டோர்ல வச்சது. இறுகிப் போச்சு."

"கத்தியால வெட்ட ஏலாதா?"

"யாரு இருக்கா? பொடியனுங்க பூரா கொழும்புல. நாலு கெழடு வெட்டுனா ரெண்டு கெழம ஆகும். அதுல ஒரு கெழடு நான்."

ராஜுவுக்கு 42.

பார்வதி அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உடனே போகவில்லை.

"புல்லு வெட்டிட்டா நம்ம புள்ள எடம் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.

"அப்ப நானும் வர்றேன். ஒரு குரோட்டன் கொப்பு வைக்கணும்."

பெப்ரவரி 6, வெள்ளி

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று. குடை மறந்து கடையிலேயே.

அலுமாரி மேலிருந்து பழைய குறிப்புப் புத்தகங்களை இறக்கினேன். தூசி, தும்மல். அந்த வருடத்துப் புத்தகம் கிடைத்தது. அந்த நாளின் பக்கத்தில் ஒரே சொல்: "மழை." நான்கு நாள் கழித்து ஒரு பஸ் விபத்து. அதில் வளைவின் பெயர், மைல் கல்லின் இலக்கம், பள்ளத்தின் ஆழம், எல்லாம் இருக்கிறது.

சுமதி. பதினோரு மாதம். மூன்று நாள் காய்ச்சல். முப்பத்தொரு வருடமாகிறது. அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. பார்வதி எங்கள் லயத்து வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள். நான் திரும்பி வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "எங்க வச்சீங்க?" மேலே, சவுக்கு மரத்துக்குக் கீழே என்றேன். எப்போது கேட்டாலும் அதே பதில்.

உண்மையை ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன். எனக்கு இடம் தெரியாது. குழந்தையைக் கையில் தூக்கிப் போனவர் மாமனார். மயானத்து வழியில் மேலே ஒரு சவுக்கு மரம் நின்றது. அதுவரை போனேன். அப்புறம் கால் போகவில்லை. மரத்தடியில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெருமழை. மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எந்தத் திசையிலிருந்து என்றுகூடக் கவனிக்கவில்லை. முடிந்ததும் மாமனார் வந்து தோளைத் தொட்டார். எழுந்து வந்தேன்.

பார்வதிக்குச் சொன்னது நான் உட்கார்ந்திருந்த இடம்.

மாமனாரோடு போனவர்கள் மூன்று பேர். நால்வரும் இப்போது அதே மயானத்தில்.

பெப்ரவரி 7, சனி

பண்டாரவளை வரை ஒரு பஸ், பிறகு பூனாகலை வழி பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பிறகு நடை. முழங்கால் வலி ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான்.

பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு பெண்கள்:

"மாப்பிள்ள என்ன வேல?"

"ஏதோ கொம்பியூட்டர்ல."

"கொம்பியூட்டர்ல என்ன?"

"அதான் சொல்றேனே, ஏதோ."

கோயில் ஸ்டோரிலிருந்து மெஷினை ராஜு தூக்கி வந்தான். நீளக் குழாய், மேலே எஞ்சின், கீழே தேங்காய்ச் சிரட்டை அளவில் கறுப்புத் தலை. தலையிலிருந்து தங்கூசி, தடித்த நைலோன் நூல், இரண்டு நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தங்கூசிதான் சுற்றிச் சுற்றிப் புல்லை அடிக்க வேண்டும். கையால் திருப்பினேன். கல் மாதிரி.

தோட்டத் தலைவர் மாரிமுத்தும் வந்தார். தலையைக் கழற்றப் பெரிய பைப் ரெஞ்ச் ஒன்று. ராஜு குழாயின் மேல் ஏறி உட்கார, தலைவர் ரெஞ்சைப் பிடித்து இழுக்க, நான் எஞ்சின் பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம். நூலளவும் அசையவில்லை. ரெஞ்சுக்கு இரும்புக் குழாய் ஒன்றை மாட்டி இன்னும் இழுத்தார்.

"பேப்பர்கார ஐயா, இத ஒரு செய்தியா போடுங்க. தலைவர் முழு பலத்தையும் பிரயோகித்தும் தல அசையலன்னு."

"எந்தத் தலைன்னு கேப்பாங்க தலைவரே" என்றான் ராஜு.

சிரித்தோம். தலைவரின் மனைவி குழி இங்கேதான். போன வருடம். அதற்கு மட்டும் சீமெந்து மேடை இருக்கிறது; அவருக்குப் பயமில்லை. இருந்தும் அவர்தான் அதிகம் இழுத்தார்.

மயானத்தின் வாயில் வரை போய்ப் பார்த்தேன். புல்தான். சவுக்கு மரம் இல்லை, எப்போதோ வெட்டிவிட்டார்களாம். அடிமரம் இருக்கும் என்கிறான் ராஜு.

பெப்ரவரி 8, ஞாயிறு

ராஜு வீட்டில் தங்கல். அதிகாலைக் குளிர். காலையில் மெஷினோடு பண்டாரவளைக்கு. பஸ்ஸில் மெஷினுக்கு ஓர் இடம் பிடிக்கவே பெரும்பாடு. கண்டக்டர்: "ஐயா, அது எங்க எறங்குது?"

சந்தை நாள், கூட்டம். மெஷின் திருத்தும் கடை மீன் கடைகளுக்குப் பின்னால். கடைக்காரர் ஹனீபா நானா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலில் ப்ளக்கைக் கழற்றினார். பிறகு தலையின் அடிப்பகுதியைப் பார்த்தார். ரெஞ்ச் கடித்த தழும்புகளை விரலால் தடவினார்.

"யாரு இத இறுக்கினது?"

"இறுக்கல நானா, கழட்டப் பாத்தோம்" என்றான் ராஜு.

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

ராஜு கையால் காட்டினான். போத்தல் மூடி திறக்கிற பக்கம்.

"அதான். இதுக்கு மரை மாறி வெட்டீக்கி. எஞ்சின் சுத்தச் சுத்தத் தானாக் கழண்டு போகாம ஈக்க. மத்ததெல்லாம் தெறக்கிற பக்கம் இது பூட்டும். எத்தன பேரு இழுத்தீங்க?"

"மூணு பேரு."

"மாஷா அல்லாஹ். நல்லாத்தான் பூட்டீக்கிறீங்க."

தலைக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் பழைய தங்கூசியும் புல்லும் சுற்றி, உருகி, ஒரே கட்டி. அதைக் கத்தி முனையால் கிள்ளி எடுத்தார். பிறகு துரு கழற்றும் எண்ணெயை ஊற்றி வைத்தார். நாளைக்கு வரச் சொன்னார்.

தேவையான சாமான்கள், அவர் சொன்னபடி: புதுத் தலை ஒன்று. தங்கூசி, தடித்தது. கிரீஸ். பொறுமை.

பதுளைக்குத் திரும்பினேன். பார்வதி வாசலில் குரோட்டன் கொப்பை டின்னில் நட்டு வைத்திருக்கிறாள். மஞ்சளும் சிவப்பும் கலந்த இலை.

பெப்ரவரி 9, திங்கள்

தூறல். எழுதிய செய்தி: பாடசாலை விளையாட்டுப் போட்டி. பெயர் ஒன்றில் பிழை விட்டேன், ஆசிரியபீடம் பிடித்துவிட்டது. வழக்கமில்லை.

11 மணிக்கு நானாவின் கடை. கியர் பெட்டியின் பக்கத்தில் சின்னத் துளை ஒன்று உண்டு. அதில் கம்பி விட்டால் உள்ளே தண்டு சுற்றாமல் நிற்கும். தலையை மட்டும் திருப்பலாம். மூன்று பேருக்கும் இந்தத் துளை தெரியாது. நானா கம்பி விட்டார். சரியான பக்கம் திருப்பினார். அசையவில்லை. கடைசியில் பழைய தலையை வாளால் இரண்டாக அறுத்தார். நடுவிலிருந்த பித்தளைத் துண்டைச் சூடாக்கி, ஒரு தட்டு. கழன்றது.

தண்டு வெளியே வந்துவிட்டது. ஆனாலும் சுற்றவில்லை. பூட்டு தலையில் மட்டுமில்லையாம், கியர் பெட்டிக்கு உள்ளேயும்.

"இதுக்குள்ள என்ன ஊத்தினீங்க?"

தொலைபேசியில் ராஜுவைக் கேட்டேன். கோயில் விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் மிச்சம். "எண்ண எண்ணதானே மச்சான்?"

நானாவிடம் சொன்னேன். கம்பியைக் கீழே வைத்தார். பிறகு: "ஒங்க தோட்டத்துக் குளிருக்குத் தேங்கா எண்ணெ தலையிலயே உறையுது. இதுக்குள்ள மட்டும் உறையாதா? அவர்ட்ட சொல்லுங்கொ, மெஷினுக்குத் தல வாரத் தேவல்ல."

பெப்ரவரி 10, செவ்வாய்

கியர் பெட்டி மண்ணெண்ணெயில் ஊறுகிறது. நானா நாளைக்கும் ஆகலாம் என்கிறார். பாகம் ஒன்று தேய்ந்திருந்தால் பதுளையில் தேட வேண்டுமாம்.

அதைக் கேட்டபோது ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மெஷின் சரியாகாவிட்டால் புல் வெட்டுப்படாது. புல் வெட்டுப்படாவிட்டால் நான் இடம் காட்ட வேண்டியதில்லை. பிள்ளையின் குழி கறுவாவுக்குப் போனால் கம்பனியைத் திட்டிக்கொண்டு செத்துப்போகலாம். ஒரு கணம்தான். ஆனாலும் அப்படி நினைத்தேன்.

மாலையில் பார்வதி கேட்டாள்.

"மரத்துக்கு எந்தப் பக்கம்? கெழக்கா, மேக்கா?"

"கிழக்கு" என்றேன்.

இது புதுப் பொய். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகத் திசை சேர்த்திருக்கிறேன்.

அவள் தலையசைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

பெப்ரவரி 11, புதன்

பாகம் தேயவில்லை. நானா பிசினையெல்லாம் சுரண்டி, கிரீஸ் திணித்து, புதுத் தலை பூட்டி, தங்கூசி சுற்றினார். கடைக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் முடுக்கிப் பார்த்தோம். வல்லாரையும் புல்லும் பறந்தன. பக்கத்து மீன் கடைக்காரர் சத்தம் போட்டார்.

"என்னத்துக்கு இவ்வளவு அவசரம்?" நானா கேட்டார். எல்லை விடயத்தைச் சொன்னேன். மகள் என்று சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தின வயசு?"

"பதினோரு மாசம்."

"எனக்கும் ஒண்டு போனது" என்றார். ஒரு தங்கூசிச் சுருளைச் சும்மா கையில் தந்தார்: "கல்லுல பட்டா வெட்டுப்படும். மாத்திக்கொள்ளுங்கொ."

பெப்ரவரி 12, வியாழன்

வெயில், பிறகு மூட்டம். காலை 7.10 முதல் பிற்பகல் 3 வரை புல்.

மெஷினோடு ராஜு. கத்தியோடு தலைவரும் இரண்டு பேரும். நான் வெட்டிய புல்லை வாரி ஒதுக்கினேன். அட்டைக்குக் கால்களில் சவர்க்காரம். அப்படியும் ஏழு கடி.

புல் விலக விலகக் குழிகள். ஆற்றுக்கல் வைத்தவை, சீமெந்து வைத்தவை, வெறும் மேடு, வெறும் பள்ளம். ஒவ்வொன்றாக எண்ணினேன். பழக்கம். 58. ஒன்றில் எனாமல் கோப்பை, அப்படியே. மாமனாரின் குழி கிடைத்தது. அவருக்குப் பக்கத்தில் அவரோடு அன்று வந்த ஒருவர்.

பதினொன்றரைக்குச் சவுக்கின் அடிமரம். ராஜுவுக்கும் அக்கா சொல்லித் தெரியும், அதனால் மெதுவாக வெட்டினான். தங்கூசி எதிலோ பட்டு அறுந்தது. மெஷினை நிறுத்தினான். சீமெந்துப் பலகை ஒன்று. பாசியைச் சுரண்டினேன். வீராயி என்று பெயர். கீழே வருடம்: சுமதி பிறப்பதற்கு ஒன்பது வருடம் முந்தியது. அடுத்த பக்கமும் பெரிய குழி. மேற்கில் வேர், பாறை. கிழக்கிலும் இடமில்லை.

ராஜு என்னையே பார்த்தான். தலைவர் தூரத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான்" என்றான். மெதுவாக. "சின்னப் புள்ளைகள மேல வைக்க மாட்டாங்களே. கடைசில, கீழ கான் ஓரத்துலதான் வைப்பாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

"கானுக்கு அந்தப் பக்கமும் அப்ப மயானந்தான். பொறவு கம்பனி எடுத்துக்கிட்டாங்க. இப்ப அஞ்சாம் நம்பர் தேயிலை மலை."

கீழே பார்த்தேன். கான். அதற்கு அப்பால் தேயிலை, நிரை நிரையாக, இடுப்பளவு. அங்கே வெட்டுவதற்குப் புல்லே இல்லை.

ராஜு புதுத் தங்கூசி போட்டான். மீதியையும் வெட்டினோம்.

இன்று பதுளை திரும்பவில்லை. பார்வதி நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். தொலைபேசியில் எதுவும் சொல்லவில்லை.

பெப்ரவரி 13, வெள்ளி

8.20க்கு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வெள்ளைச் சேலை, கையில் டின்னோடு குரோட்டன். ஏற்றத்தில் என்னை விடச் சுறுசுறுப்பு. லயத்துப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, அங்கயா போறீங்க? பொம்பளையாளு?"

"அறுபது வயசாச்சுடி. இனி எப்புடியும் போகத்தான் போறேன்."

கம்பனியின் கணக்கப்பிள்ளை ஒன்பதுக்கு வந்தார். இளம் ஆள். முளைகள், சுத்தியல், கையில் தொலைபேசி. மரியாதையாகவே பேசினார். மேல் பக்கத்திலிருந்து முளை அடிக்கத் தொடங்கினார்.

பார்வதி அடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வீராயியின் பலகையைப் பார்த்தாள். டின்னைக் கீழே வைக்கவில்லை.

அங்கேயே சொன்னேன். "இங்க இல்ல பார்வதி. எனக்கு இடம் தெரியாது. அன்னைக்கு நான் இந்த மரத்தோட உக்காந்திட்டேன். போகல."

"தெரியும்" என்றாள்.

சுத்தியல் சத்தம். ராஜு நகர்ந்து போய்விட்டான்.

"நீங்க வந்ததும் ரெண்டு பேரு உடுப்பையும் நாந்தானே தொவச்சேன். ஒங்க சாரத்துல பின்பக்கம் கறுப்பு மண்ணு, சவுக்கு எல. அப்பா வேட்டி முழங்கால் வரைக்கும் செம்மண்ணு. மேல்கணக்குல செம்மண்ணு அஞ்சாம் நம்பர்ல மட்டுந்தான் இருக்கு. கொழுந்து எடுக்கிறவளுக்கு மண்ணு தெரியாதா?"

கீழே கான் பக்கம் பார்த்தேன்.

"ரெண்டு வருசம் கழிச்சு அங்க கன்னு வச்சாங்க. கொழுந்து வந்ததும் காலைல வேல பிரிக்கிற பெரட்டுல அஞ்சாம் நம்பர்னு சொன்னா நான் முந்திக்குவேன். கான் ஓரத்து நெரைக்கு யாரையும் ஏறவிட மாட்டேன். கங்காணி ஏசுவாரு, அந்த நெர ஒன் அப்பன் வீட்டுதான்னு. ஆமாங்கன்னு சொல்லுவேன். டவுனுக்குப் போற வரைக்கும் அது என் நெரதான்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிறகு கான் வரை இறங்கினாள். கணக்கப்பிள்ளை கடைசி முளைகளை அங்கேதான் அடித்துக்கொண்டிருந்தார், கானுக்கு இந்தப் பக்கம். கானைத் தாண்டி முதல் நிரையில் கொப்பு வைக்கலாமா என்று கேட்டாள். ஏன் என்று அவர் கேட்டார். சொன்னாள்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அம்மா, அது மயானத்துல சேராது. நான் முளைய தள்ளி அடிச்சா எனக்கு வேல இருக்காது. அங்க கொப்பு வச்சீங்கன்னாலும் அடுத்த மாசம் மண்ணு தோண்டுற பெக்கோ வந்து தேயிலையோட சேத்துப் பொரட்டிரும். உள்ளுக்க எங்கயாவது வைங்க."

"உள்ளுக்க எம் புள்ள இல்லியே ஐயா."

அவர் சுத்தியலை மறுபடி எடுத்தார்.

குரோட்டனை ராஜுவிடம் கொடுத்து அப்பாவின் குழியில் நடச் சொன்னாள். பிறகு கானைத் தாண்டினாள். முதல் நிரையில் பத்துப் பன்னிரண்டு செடி நடந்தாள். ஒன்றையும் கிள்ளவில்லை. ஓர் இடத்தில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. நான் கானுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

பெப்ரவரி 14, சனி

பதுளை. மழை. முழங்கால் வீக்கம். மெஷினைத் துடைத்து, கிரீஸ் போட்டு ஸ்டோரில் வைத்துவிட்டதாக ராஜு. எண்ணெய் போடவில்லையாம்.

முளை 24. குழி 58. பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் இடம் எழுத வேண்டும். நிறுத்திவிட்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது பார்வதி: "பெக்கோ எந்தத் திகதி வருதுன்னு ராஜுகிட்டக் கேளுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"அன்னைக்கு நான் போறேன். நீங்களும் வாங்க. மேல உக்காராம, கீழ வரைக்கும்."